இடக்கைக் கோடாலி

மாமாவின் மரக்காலைக்குள், மரம் பிளந்து விற்கிற அந்த வளவுக்குள், நுழைந்ததும் முதலில் கண்ணில் படுவது கோடாலிகள்தான். நீளமான ஒரு பனஞ்சலாகையில் முளை அடித்துப் பதினொரு கோடாலிகளை வரிசையாகக் கொழுவி வைத்திருப்பார். பக்கத்தில் ஒரு சிறிய மாடத்தில் வைரவர் சூலம். காலையில் சூலத்துக்குக் கற்பூரம் காட்டி, நெற்றி நிறையத் திருநீறு பூசிக்கொண்டு, வேலையாட்களின் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்பார். அதன் பிறகுதான் கோடாலியைக் கழற்றிக் கொடுப்பார். யாரும் தானாகக் கை நீட்டி எடுக்க முடியாது. அன்றைக்கு எவன் மேல் அவருக்கு விருப்பமோ அவனுக்கு நல்ல கோடாலி, எவன் மேல் கோபமோ அவனுக்கு மொட்டைக் கோடாலி. நான் கலியாணம் செய்து அரியாலைக்கு வந்த முதல் வருஷம் முழுவதும் அந்த மொட்டைக் கோடாலி ஒரே ஆளின் கைக்குத்தான் போனது. அவருடைய சொந்த மகனின் கைக்கு. அதாவது என் கணவரின் கைக்கு.

மாமா என்பது என் மாமனார். அவரைப் பற்றி எழுதும்படி என் மூத்த மகள் கனகாலமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். "அப்பப்பாவைப் பற்றி நல்லதா நாலு வரி எழுதித் தாங்கோவன் அம்மா" என்கிறாள். நல்லதாக நாலு வரி என்னிடம் இல்லை. மரத்தின் நீளத்தைக் குறைத்து அளந்து அவர் யாரையும் ஏமாற்றியதில்லை என்று ஒரு வரி எழுதலாம். அதோடு நல்லது தீர்ந்துவிட்டது. மிச்சத்தை உள்ளபடி எழுதுகிறேன், பிடிக்காதவர்கள் வாசிக்காமல் விடட்டும்.

இரண்டாம் உலக யுத்தம் தொடங்குவதற்குக் கொஞ்சம் முந்திய காலம் அது. தென்மராட்சியில் இருந்து மாட்டு வண்டிகளில் பனைக் குற்றிகள் வரும். வன்னிக் காட்டு மரங்கள் வள்ளத்தில் வந்து கடலோரம் இறங்கும். பனையைப் பிளந்து, செதுக்கி, வீட்டுக் கூரைக்குச் சலாகையாக விற்பது மாமாவின் முக்கியமான தொழில். மற்றவற்றை விறகாகப் பிளந்து அடுக்குவார்கள். எனக்கு இது ஒன்றும் புதிதில்லை. புத்தூரில் என் தகப்பனாரும் பனை பிளக்கிறவர்தான். நான் வளர்ந்தது மரச் சிராம்புக் குவியலுக்குள். ஆனால் அதை மாமா ஒரு குறையாகவே வைத்திருந்தார். மரம் விற்கிறவர் வீட்டுக்கு மரம் பிளக்கிறவன் மகள் வந்துவிட்டாள் என்று, நான் சோறு போட்டுக்கொண்டு நிற்கும்போதே வந்தவர்களிடம் சொல்லுவார். தன் மகன் குற்றி வாங்கப் புத்தூருக்குப் போன இடத்தில் என்னைப் பார்த்துவிட்டு, இவளைத்தான் முடிப்பேன் என்று நின்றது அவருக்குப் பொறுக்கவில்லை. அந்தக் கோபம் எனக்கு விளங்கும். விளங்காதது மற்றது.

என் கணவர் பிறவியிலேயே இடக்கைக்காரர். இடக்கை செதுக்கின மரம் கூரைக்கு ஏறக்கூடாது, ஏறினால் அந்த வீட்டில் குடி நிலைக்காது என்று அந்த நாளில் ஒரு பேச்சு இருந்தது. எங்கள் ஊரில் அதைச் சொல்லிச் சிரித்துவிட்டு வேலையைப் பார்ப்பார்கள். மாமா அப்படி அல்ல. தன் மகன் இடக்கையன் என்று நாலு பேர் கதைத்தால் தன்னுடைய சலாகையை ஒருவரும் தொடமாட்டார்கள் என்று அவருக்குப் பயம். மகன் சின்னப் பிள்ளையாக இருந்தபோது இடக்கையை அரைநாண் கயிற்றோடு சேர்த்துக் கட்டி ஒரு வருஷம் விட்டவர். வளர்ந்த பிறகு கயிறு தேவைப்படவில்லை, பார்வை போதும். மரக்காலைக்குள் அவர் தலை தெரிந்தாலே என் கணவரின் கோடாலி வலக்கைக்கு மாறிவிடும்.

வலக்கையால் அவர் செதுக்கும்போது நான் அவருடைய காலைத்தான் பார்த்துக்கொண்டு நிற்பேன். கோடாலி போகிற இடத்துக்கும் அவர் கண் போகிற இடத்துக்கும் எப்போதும் ஒரு விரல் வித்தியாசம் இருக்கும். கலியாணத்துக்கு முன்பே இடது முழங்காலின் கீழே இரண்டு வெட்டுத் தழும்பு. நான் வந்த ஆறாம் மாதத்தில் மூன்றாவது விழுந்தது. மஞ்சளும் எண்ணெயும் வைத்துக் கட்டியது நான்தான். எலும்பு தெரிந்தது. இன்னும் ஒரு அங்குலம் உள்ளே போயிருந்தால் கால் இல்லை. அன்றைக்கே ஒன்றை முடிவு செய்தேன். இந்த மனிசன் தன்னுடைய கையால் வேலை செய்ய வேண்டும். அதற்கு நான் என்ன செய்தாலும் சரி.

முதலில் நேரே மாமாவிடமே போனேன். என் வாய் எப்போதும் சும்மா இருக்காது, அது ஊருக்கே தெரியும்.

"மாமா, அவரை இடக்கையாலை செதுக்க விடுங்கோ. முன்னுக்கு வேண்டாம். பின்வளவிலை, ஒருத்தரும் பாக்காத இடத்திலை செய்யட்டும்."

அவர் வெற்றிலையை மடித்து வாய்க்குள் வைத்து ஆறுதலாகச் சப்பினார்.

"வைரவர் பாப்பார்தானே? உங்கடை புத்தூர்க் கூத்தை இஞ்சை கொண்டு வராதை பிள்ளை."

"அப்ப ஒரு நல்ல கோடாலியெண்டாலும் குடுங்கோ. அந்த மொட்டையாலை அவற்றை கால்தான் போகப் போகுது."

"கை சரியெண்டா கோடாலி சரியா இருக்கும். நீ போய் உலையைப் பார்."

போகவில்லை. நின்று ஒரு மணித்தியாலம் சண்டை பிடித்தேன். மாமாவிடம் ஒரு குணம். நான் கதைத்தால் பதில் சொல்லாமல் விடமாட்டார். செய்த வேலையைப் போட்டுவிட்டுச் சண்டைக்கு வருவார். குளிக்கப் போனவர் வாளியைக் கிணற்றுக்கட்டில் வைத்துவிட்டுத் திரும்பி வந்து எனக்குப் பதில் சொன்ன நாள்கூட உண்டு. மகன் ஒரு சொல் சொன்னால் காது கேளாதவர் போலப் போய்விடுவார். என்னை மட்டும் அவரால் அப்படி விட முடியவில்லை. என்னைத் தோற்கடிப்பதில் அவருக்கு அவ்வளவு விருப்பம்.

கோடாலி எல்லாம் ஒன்றுதான் என்று நினைப்பவர்களுக்கு இந்த இடத்தில் கொஞ்சம் சொல்ல வேண்டும். நிற்கிற மரத்தைத் தறிக்கிற கோடாலியின் வாய் மெல்லியதாக இருக்கும், ஆழமாக இறங்கும். அதனால் விறகு பிளந்தால் மரத்துக்குள் சிக்கிக்கொண்டு வராது, இழுத்து இழுத்துப் பிடிதான் முறியும். விறகு பிளக்கிற கோடாலிக்குக் கன்னம் தடிப்பாக இருக்க வேண்டும். முழுப் பனையை நெடுக்குக்குப் பிளக்கக் கோடாலி உதவாது. இரும்பு ஆப்புகளை வரிசையாக இறக்கிச் சம்மட்டியால் மாறி மாறி அடிக்க வேண்டும். பிளந்ததைச் சலாகையாக்கத்தான் செதுக்குக் கோடாலி. அதற்கு வாய் அகலம். ஒரு கன்னம் பலகை மாதிரித் தட்டை, மற்றக் கன்னம் மட்டும் சரிவு. தட்டைக் கன்னம் மரத்தோடு ஒட்டிப் போக வேண்டும், அப்போதுதான் சீவல் நேராக விழும். வலக்கைக்காரனுக்குத் தட்டை இடப்பக்கம் இருக்கும். இடக்கைக்காரனுக்கு வலப்பக்கம் இருக்க வேண்டும். மாறிப் பிடித்தால் சரிவுக் கன்னம் மரத்தில் பட்டு, கோடாலி வெளியே தெறிக்கும். வெளியே நிற்பது வெட்டுகிறவனுடைய கால்.

யாழ்ப்பாணம் பெரியகடையில் நீலப் பெயின்ற் அடித்த சீமைக் கோடாலிகள் வாங்கலாம். பார்க்க வடிவாகத்தான் இருக்கும். வைரம் பாய்ந்த பெண்பனையில் நாலு வெட்டு வெட்டினால் வாய் பல்லுப் பல்லாக உதிர்ந்துவிடும். இடக்கைக்கு ஒரு செதுக்குக் கோடாலியோ எந்தக் கடையிலும் இல்லை. அதனால் கோயில் திருவிழா என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறிப் புத்தூருக்குப் போனேன். எங்கள் ஊர் ஆசாரியாரிடம், பழைய பஸ் வில்லுத் தகட்டை வாயாக வைத்து ஒன்று அடித்துத் தரச் சொன்னேன். தட்டை எந்தப் பக்கம் என்று நான் காட்டியதும் அவர் சுத்தியலை நிலத்தில் வைத்தார்.

"இடக்கைக்கோ?"

"ஓம்."

"அடிச்சுத் தாறன். ஆனா உதை வேறை ஆரிட்டையும் குடுத்துப் போடாதை பிள்ளை. சோத்துக்கைக்காரன் பிடிச்சா அது அவன்ரை காலைத்தான் தேடும்."

தெரியும் என்றேன். தெரிந்துதான் இருந்தேன். இதை ஒளிக்கப் போவதில்லை.

பிடியை நானே தெரிந்தெடுத்தேன். விண்ணாங்கு மரத் தடி, மாமாவின் மரக்காலைக்குள் கிடந்த வன்னிக் காட்டு மரக் குவியலில் இருந்து கேட்காமல் உருவியது. நார் பிடியின் நீளத்துக்கு ஓடுகிறதா, இல்லையா என்று பார்க்க வேண்டும். குறுக்கே ஓடினால் எவ்வளவு தடித்த பிடியும் ஒரு நாளைக்குக் கையிலேயே முறியும். செதுக்கும்போது விரல் முட்டி மரத்தில் உரசாதபடி ஆசாரியார் அதை நெருப்பில் காட்டி ஒரு பக்கமாகக் கொஞ்சம் வளைத்துத் தந்தார். கோடாலியை வாயிலிருந்து பிடி நுனி வரை ஒற்றைக் கண்ணால் பார்த்தேன். இழுத்த நூல் போல இருந்தது. திரும்பி வருகிற பஸ்ஸில் அதைச் சாக்கில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்.

என் கணவர் அதைக் கையில் வாங்கினார். இடக்கையில் பிடித்தார். ஒருமுறை ஏற்றி இறக்கினார். பிறகு குசினிக்குப் பின்னால், ஒரு மாமரத்தின் கீழே, பிளந்த பனைத் துண்டு ஒன்றைப் போட்டுச் செதுக்கத் தொடங்கினார். சீவல்கள் நீள நீளமாக, வாழைநார் உரிகிற மாதிரி விழுந்தன. இந்த மனிசன் மூக்கால் பாட்டு முனகுவார் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். பகல் சாப்பாட்டுக்குப் பிறகு மாமா படுத்திருக்கிற நேரம் பார்த்து மூன்று நாள் அப்படிச் செய்தார். அந்த மூன்று நாளைப் போல நான் வேறு நாட்களில் சந்தோசமாக இருந்தேனா என்று யோசித்துப் பார்க்கிறேன். பிள்ளைகள் பிறந்த நாட்களைச் சொல்லலாம். வேறு இல்லை.

நாலாம் நாள் மாமா படுக்கவில்லை. வேலிக் கரையால் வந்து நின்று பார்த்தார். சத்தம் போடுவார் என்று நினைத்தேன். போடவில்லை, அதுதான் அவருடைய கெட்டித்தனம். மகனின் கையிலிருந்து கோடாலியை வாங்கி, பாரம் பார்த்தார். நகத்தால் சுண்டிச் சத்தம் கேட்டார். வாயைப் பெருவிரலால் தடவினார். பிடி இறுக்கமா என்று ஆட்டிப் பார்த்தார். எல்லாவற்றையும் பார்த்தவர் எந்தக் கன்னம் தட்டை என்று மட்டும் பார்க்கவில்லை. இடக்கைக் கோடாலி என்று ஒன்று உலகத்தில் இருக்கும் என்பதே அந்த மனிதரின் புத்திக்கு எட்டாது. அப்படி ஒன்று இருக்க அவர் தன் மரக்காலைக்குள் ஒரு நாளும் இடம் விட்டதில்லை.

"கோடாலி நல்லது. கைதான் கூடாது," என்றார். "உது மரக்காலைக்குப் போகட்டும்."

என் கணவர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். எனக்கு வந்த ஆத்திரத்தை இவ்வளவு வருஷம் கழித்தும் அப்படியே எடுத்து வைக்கலாம். கோடாலியைப் பறித்தது ஒரு பக்கம். அந்த மூன்று நாளையும் பறித்துவிட்டார்.

அடுத்த நாள் காலை, வேலையாட்களுக்குப் பனங்கட்டியோடு தேத்தண்ணி கொண்டு மரக்காலைக்குள் போனேன். கற்பூரம் காட்டி முடிந்திருந்தது. மாமா அன்றைக்கு ஒருவருக்கும் கோடாலி கொடுக்கவில்லை. புதுக் கோடாலியைத் தானே கையில் எடுத்துக்கொண்டு, செதுக்கப் போட்டிருந்த மரத்தின் வலப்பக்கமாகப் போய் நின்றார். எல்லோரையும் சுற்றி நிற்கச் சொன்னார்.

"செதுக்கிறதெண்டா என்னெண்டு இவனுக்கு இண்டைக்குக் காட்டுறன்," என்று மகனைப் பார்த்துச் சொன்னார். "கண்ணைத் திறந்து வைச்சுக்கொண்டு பார்."

என் கணவர் ஒரு அடி முன்னுக்கு வந்தார். "ஐயா, உந்தக் கோடாலி..."

"நீ கதையாதை."

"இல்லை ஐயா, உது..."

"வாயைப் பொத்தடா எண்டு சொல்லுறன்!"

அப்போது என் கணவர் திரும்பி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை என்ன கேட்டது என்று எனக்கு நன்றாக விளங்கியது. நான் தேத்தண்ணிச் செம்பைப் பார்த்தேன். அதற்குள் ஒரு எறும்பு விழுந்து கிடந்தது. அதை விரலால் எடுத்து வெளியே போட்டேன்.

முதல் வெட்டிலேயே கோடாலி கொஞ்சம் விலகிப் போனது. மாமா மரத்தைத்தான் முறைத்துப் பார்த்தார். இரண்டாவது வெட்டும் விலகியது. சுற்றி நின்றவர்களில் ஒருவன் இருமினான். அதைச் சிரிப்பென்று நினைத்தாரோ என்னவோ, மூன்றாவதைத் தோளுக்கு மேலே ஓங்கி, முழுப் பலத்தோடு போட்டார். கோடாலி மரத்தில் பட்டு வெளியே தெறித்து, அவருடைய இடது கணுக்காலுக்கு மேலே இறங்கியது. அவர் கத்தவில்லை. என்ன நடந்தது என்று விளங்காதவர் போலக் காலையும் கோடாலியையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்று, பிறகு விழுந்தார்.

தகப்பனைத் தூக்கியது என் கணவர். வண்டி பூட்டும் வரை பொறுக்காமல் தெருவுக்கு ஓடி, வந்த மோட்டார் காரை மறித்து ஏற்றி, மானிப்பாய் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார். அங்கே உயிரைக் காப்பாற்றித் தந்தார்கள், அதுவே பெரிய காரியம். முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டி வந்தது.

அதற்குப் பிறகு மாமா எட்டு வருஷம் இருந்தார். கால் போனால் மனிதர்கள் அடங்குவார்கள் என்று சொல்லுகிறவர்களை நான் என் வீட்டுக்குக் கூப்பிட்டிருக்க வேண்டும். சாய்மனைக் கதிரையில் இருந்துகொண்டே மரக்காலையை நடத்தினார். கோடாலி கொடுக்கிற உரிமையைக் கடைசி வரை விடவில்லை. எட்டு வருஷமும் அவருக்குச் சோறு போட்டவள், துணி தோய்த்தவள், வெட்டின இடத்தைக் கழுவித் துடைத்தவள் நான். ஒரு நாள்கூட என் முகத்தைப் பார்த்து நல்ல வார்த்தை சொன்னதில்லை. "உவள் கொண்டந்த மூதேவிக் கோடாலி" என்று வருகிறவர் போகிறவருக்கெல்லாம் சொன்னார். ஆசாரி இரும்பைச் சரியாகத் தோய்க்கவில்லை என்றும் சொன்னார். தன் கை பிழைத்தது என்றோ, தான் பார்க்காமல் விட்டது ஏதாவது இருக்கும் என்றோ ஒரு நாளும் சொல்லவில்லை. நானும் சொல்லிக் கொடுக்கவில்லை. தெரியாமலே சாகட்டும் என்றுதான் விட்டேன். மன்னிக்கிற வயது எனக்கு வந்துவிட்டது என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். அப்படி ஒரு வயது இருக்கிறதாக எனக்குத் தெரியவில்லை. இப்போதும் வெள்ளிக்கிழமைகளில் என் கணவரின் படத்துக்குப் பூ வைக்கிறேன். பக்கத்தில் இருக்கிற மாமாவின் படத்துக்கு என் மருமகள்தான் வைப்பாள்.

மாமாவின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்து, வந்த சனம் எல்லாம் கலைந்த அடுத்த நாள், அரிசிப் பானைகளுக்குப் பின்னால் எண்ணெய் பூசிச் சுற்றி நான் ஒளித்து வைத்திருந்த அந்தக் கோடாலியை எடுத்து வந்தேன். எட்டு வருஷமும் ஒரு புள்ளி துரு ஏறவில்லை. என் கணவர் முற்றத்தில் முகம் கழுவிக்கொண்டு நின்றார். அவருக்கு முன்னால் வைத்தேன்.

"இஞ்சாருங்கோ, இனி ஆருக்குப் பயம்? எடுங்கோ."

அவர் துவாயால் முகத்தைத் துடைத்தார். நிறைய நேரம் துடைத்தார்.

"அண்டைக்கு நீர் ஏன் வாய் திறக்கேல்லை?" என்றார்.

எட்டு வருஷத்தில் அதைக் கேட்டது அதுதான் முதல் தடவை. எனக்குப் பதில் இருந்தது. எனக்கு எப்போதும் பதில் இருக்கும்.

"நீங்கள் திறந்தனீங்கள்தானே. அவர் கேட்டவரோ?"

"என்ரை சொல்லை அவர் கேக்கமாட்டார். அது உமக்கும் தெரியும்." அவர் குரலில் கோபம் இல்லை. "நீர் ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா நிண்டிருப்பார். உம்மோடை சண்டை பிடிக்கிறதுக்கெண்டாலும் கோடாலியைக் கீழை வைச்சிருப்பார்."

அவர் கோடாலியைத் தொடவில்லை. அதைக் கடந்து மரக்காலைக்குள் போனார், வரிசையில் இருந்து ஒரு பழைய கோடாலியைக் கழற்றினார், வலக்கையில் பிடித்தார். இனிப் பார்க்க அவருக்குத் தகப்பன் இல்லை. விரும்பிய கோடாலியை விரும்பிய கையால் எடுக்க அவரைத் தடுப்பாரும் இல்லை.

அவர் இன்னும் பதினேழு வருஷம் செதுக்கினார், சாகும் வரை வலக்கையால்தான். இடக்கையால் செய்யும்படி நான் கெஞ்சியும் கேட்டேன், அழுதும் கேட்டேன். சிரித்துவிட்டுப் போய்விடுவார். அந்தப் பதினேழு வருஷத்தில் அவருடைய காலில் இன்னும் மூன்று வெட்டு விழுந்தது. மஞ்சளும் எண்ணெயும் வைத்துக் கட்டியது நான்தான். அந்த மூன்றுக்கும் மாமாவைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை.